நல்ல நாள் தேடிய மென்பொருள்

அளவெட்டியில் ஒரு நாதஸ்வரக்காரனைக் காதலிக்கலாம். அதில் ஒரு சிரமமும் இல்லை. அவனைக் கலியாணம் கட்டுவதுதான் பெரும்பாடு. நல்ல நாள் எல்லாவற்றிலும் அவன் யாருடையவோ கலியாணத்தில் கன்னம் உப்ப வாசித்துக்கொண்டிருப்பான். கூடாத நாளில் சும்மா வீட்டில் இருப்பான். ஆனால் கூடாத நாளில் யார் தாலி கட்டுகிறார்கள்? இந்தச் சங்கதி முன்பே தெரிந்திருந்தால் பேசாமல் ஒரு வங்கிக்காரனைப் பார்த்து விரும்பியிருப்பேன் என்று லவீனா சொல்லுவாள். சொல்லிவிட்டு விழுந்து விழுந்து சிரிப்பாள். அந்தச் சிரிப்பைக் கேட்டால் அவள் வங்கிக்காரனை ஏறெடுத்தும் பார்த்திருக்க மாட்டாள் என்பது எவருக்கும் விளங்கும்.

லவீனா தெல்லிப்பழைக்காரி. மிஷன் பள்ளிக்கூடத்தில் கணிதம் படிப்பித்த ஐசாக் மாஸ்டரின் ஒரே மகள். காலையில் ஸ்கூட்டரில் கீர்த்தனை பாடிக்கொண்டு அளவெட்டிக்கு வருவாள். வழியில் நிற்கிற மாடுகளுக்கும் அந்தப் பாட்டுப் பழகிவிட்டது. வேலை குணலட்சுமி அம்மாவின் கலியாண மண்டபத்தில். பெயருக்கு மனேச்சர், உண்மையில் மின்விளக்கு, மணவறை, சனம் இருக்கிற கதிரை, தண்ணீர்த் தாங்கி, கோபித்துக்கொண்ட மாமன்மார் எல்லாம் அவள் பொறுப்பு. சந்தோசம் வந்தால் அவளால் இருந்த இடத்தில் இருக்க முடியாது. எழும்பிப் போய் ஒழுங்காய் இருக்கும் கதிரைகளை இன்னும் ஒழுங்காக்குவாள்.

குகதாசனை அவள் கண்டதும் அந்த மண்டபத்தில்தான். அவன் தியாகராசா வித்துவானின் மகன். மேளக்காரர் எப்போதும் கடைசிப் பந்தி. பாயசம் அவர்கள் இலைக்கு வருவதற்குள் அண்டா அடி தெரியும். ஒரு நாள் லவீனா ஒரு கிண்ணம் எடுத்து மூடி வைத்தாள். அடுத்த கலியாணத்திலும் வைத்தாள். மூன்று வருடம் இப்படிப் பாயசத்திலேயே காதல் ஓடியது. குகதாசன் கொஞ்சம் தடித்தும் விட்டான்.

இனி மென்பொருளுக்கு வருவோம்.

மண்டபத்து முன்பதிவுக்கென்று குணலட்சுமி அம்மா கொழும்புக் கம்பனி ஒன்றிடம் ஒரு மென்பொருள் வாங்கியிருந்தார். கழுத்தில் ரை கட்டிய இருவர் வந்து, குளிர்சோடா குடித்து, மினுமினுக்கிற ஒரு திரையைக் காட்டிவிட்டுப் போனார்கள். வருடா வருடம் கட்டணம். பார்க்க அவ்வளவு வடிவு. முகூர்த்த நாளெல்லாம் பச்சை நிறத்தில் பூத்து நிற்கும். ஒரே ஒரு குறை: அந்தப் பச்சை வேறு எந்த ஊர் வானத்துக்கோ கணித்த பச்சை. யாழ்ப்பாணத்தில் வாக்கியப் பஞ்சாங்கம் என்று ஒன்று, திருக்கணிதப் பஞ்சாங்கம் என்று ஒன்று. ஒன்றில் திதி காலையில் முடிந்தால் மற்றதில் மத்தியானம்வரை நிற்கும். ஒரே குடும்பத்துக்குள்ளேயே அண்ணன் ஒன்று பார்ப்பார், தங்கை மற்றதைப் பார்ப்பார். தியாகராசாவுக்கு வாக்கியம்தான் வாக்கு. அவருடைய கூடப்பிறந்த தங்கைதான் நம்முடைய குணலட்சுமி அம்மா; அவர் புகுந்த வீட்டில் திருக்கணிதம்.

கம்பனி மென்பொருளுக்கு இரண்டும் தெரியாது. ஒருமுறை, இரண்டு பஞ்சாங்கத்திலும் அட்டமி நின்ற ஒரு காலையை அது அருமையான சுபநாள் என்று நம்பி, மண்டபத்தின் பெயரால் ஊர் முழுக்கக் குறுந்தகவல் அனுப்பிவிட்டது. அன்று பின்னேரம்வரை லவீனா ஏச்சு வாங்கினாள். திருத்தித் தாருங்கள் என்று எழுதினாள். “உங்கள் கருத்து எங்களுக்கு மிக முக்கியம்” என்று பதில் வந்தது. அடுத்த பதிப்பும் வந்தது. அதே பச்சை, இன்னும் வடிவாக. உள்ளே திறந்து தானே திருத்தலாம் என்றால் எல்லாம் பூட்டு.

அப்போதுதான் அவள் கட்டற்ற மென்பொருள் ஒன்றைத் தேடிப் பிடித்தாள். எங்கோ தூரதேசத்துப் பல்கலைக்கழகம் ஒன்றில் ஆய்வுகூடக் கருவிகளை மாணவர்களுக்குப் பங்கிடுவதற்காக எழுதியது. எவரும் எடுக்கலாம், உள்ளே பார்க்கலாம், மாற்றலாம், மாற்றியதைப் பிறருக்குக் கொடுக்கலாம். கொடுத்தால் அதையும் திறந்தே கொடுக்க வேண்டும். அவ்வளவுதான் நிபந்தனை. லவீனாவுக்குச் சந்தோசத்தில் தலைகால் தெரியவில்லை.

குணலட்சுமி அம்மாவோ நம்பவில்லை. “சும்மா குடுக்கிறவன் ஏன் பிள்ளை குடுக்கிறான்? உதிலை என்னவோ இருக்கு. நாளைக்குப் பிழைச்சுப் போச்செண்டால் ஆரைப் பிடிச்சுக் கேக்கிறது? உவங்கள் ஒரு ரெலிபோன் நம்பராவது தந்திட்டுப் போயிருக்கிறாங்கள்.”

“அந்த நம்பருக்கு எடுத்தால் பாட்டுத்தான் அன்ரி போகுது.”

“பாட்டெண்டாலும் போகுதோ இல்லையோ?”

கடைசியில் ஒரு பருவம் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் ஓடட்டும் என்று முடிவாயிற்று. உண்மையைச் சொல்ல வேண்டும்: முதல் கிழமை ஏழு நாளும் அந்தக் கட்டற்ற சாமான் மானத்தை வாங்கிவிட்டது. மணவறையைப் பதிந்தால் “பயன்படுத்திய பின் கழுவி வைக்கவும்” என்று வந்தது. பற்றுச்சீட்டில் மணமகன் பெயருக்கு முன்னால் “ஆய்வாளர்” என்று விழுந்தது. புத்தூர் மாப்பிள்ளை ஒருவர் அதைச் சட்டம் போட்டு வைத்திருக்கிறாராம். கேட்கிறவர்களுக்கு மேளமும் ஒழுங்கு செய்துகொடுப்பதால் வித்துவான்மாரையும் அதில் ஏற்றினாள். உடனே திரை சொன்னது: “கருவி: குகதாசன். நிலை: கிடைக்காது.” அதைப் படம் எடுத்து அவனுக்கு அனுப்பினாள். அவன் தவில்காரர் எல்லாருக்கும் காட்டினான். சிரித்து முடிய அன்றைய கச்சேரி பிந்திவிட்டது.

ஆனால் ஒவ்வொன்றாய்த் திருத்த முடிந்தது. அதுதான் அதன் அருமை. விளங்காத இடத்தில், அதை எழுதிய கூட்டத்தாரின் இணையத்தளத்தில் கேட்டாள். பிரேசிலில் இருந்து ஒருவர் அக்கறையாய்ப் பதில் எழுதினார். ஒரே ஊருக்கு ஏன் இரண்டு பஞ்சாங்கம், எது சரி என்று அவர் கேட்டார். அந்தக் கேள்வியை எங்கள் ஊர்ப் பந்தியில் கேட்டால் உங்களுக்குச் சோறு விழாது என்று இவள் எழுதினாள். அவருக்கு அது மிகவும் பிடித்துப்போய், இரண்டு பஞ்சாங்கத்துக்கும் இடம் வைக்கும் வழியைத் தானே இணையத்தில் கூடவிருந்து காட்டினார். “இரண்டும் சேரும் நாள்” என்று ஒரு பொத்தான் பிறந்தது.

இதற்குள் வீட்டுக்காரர் இரு பகுதியும் சம்மதித்துவிட்டார்கள். பெரிய சண்டை ஒன்றை எதிர்பார்த்து லவீனா ஒரு கிழமையாய் வசனம் பாடமாக்கினாள். எல்லாம் வீணாய்ப் போயிற்று. மூன்று வருடம் பாயசம் வைத்த பிள்ளையை வேண்டாம் என்று எப்படிச் சொல்வது? நாள் மட்டும் எங்கள் முறையில் என்றார் தியாகராசா. மண்டபத்தில் தாலி கட்டும்போது போதகர் வந்து செபம் பண்ண வேண்டும், ஈஸ்டருக்கு முந்திய லெந்து நாட்களில் கூடாது என்றார் ஐசாக் மாஸ்டர். திருக்கணிதமும் ஒத்துக்கொள்ள வேண்டும் என்றார் குணலட்சுமி அம்மா.

லவீனாவுக்கும் ஒன்று இருந்தது. “எனக்கு நகை வேண்டாம், கார் ஊர்வலம் வேண்டாம். மேளம் வேணும். நாலு கூட்டம் மேளம். ஊருக்கெல்லாம் வாசிக்கிற மனிசன்ரை வீட்டுக் கலியாணம் ஊமைக் கலியாணமாய் நடக்க நான் விடமாட்டன்.”

“உமக்கு விசர்,” என்றான் குகதாசன். “நல்ல நாளிலை நாலு தவிலுக்கு நான் எங்கை போறது?”

போக ஒரு இடமும் இல்லைத்தான். முகூர்த்தமென்றால் ஊரிலுள்ள சின்னத் தவில் பெரிய தவில் எல்லாம் போய்விடும். ஆனியிலும் ஆவணியிலும் கோயில் கொடியேற்றங்கள். லவீனா நிபந்தனைகள் எல்லாவற்றையும் மென்பொருளுக்குள் போட்டாள். வாக்கியம், திருக்கணிதம், லெந்து, நாலு கூட்டம் மேளம். பொத்தானை அழுத்தினாள். அது யோசித்தது. இல்லை, இல்லை என்று மாதம் மாதமாய்த் தள்ளிக்கொண்டு போனது. ஆனியில் ஒரு புதன்கிழமையில் வந்து நின்றது. முகூர்த்தம் ஒரு மணித்தியாலம் கூட இல்லை. இரண்டு பஞ்சாங்கத்துக்கும் இடையில் எவர் கண்ணிலும் படாமல் ஒளிந்து கிடந்திருக்கிறது.

மண்டபத்தில் இருந்த கதிரை ஒன்றுவிடாமல் அன்று ஒழுங்காயிற்று. குகதாசனுக்கு எடுத்துக் கத்தினாள்.

“ஏன் கத்துறீர்? நான் தேருக்கு முன்னாலை நிக்கிறன்!” என்று அவனும் கத்தினான். நாள் கிடைத்ததை அவன் கேட்டதும் மேளம் துரித காலத்துக்குப் போய்விட்டது; ஏனென்று தேர் இழுத்தவர்களுக்கு விளங்கவில்லை.

தியாகராசாவும் மெச்சினார். ஆனால் ஒரு விசயத்தில் கண்டிப்பாய் இருந்தார். “வெள்ளிக்கிழமை வெத்திலை மாத்தின பிறகுதான் பிள்ளை நாள் எழுதுறது. அதுக்கு முதல் ஒரு இடத்திலையும் எழுதிப்போடாதையும். எழுதினால் தட்டிப்போகும்.” அப்படியே ஆகட்டும் என்று மென்பொருளில் அந்தப் புதன்கிழமையை அவள் வெறுமையாய் விட்டாள்.

விட்டுவிட்டுச் சும்மா இருந்திருக்கலாம். சந்தோசம் வந்தால் அவளால் இருக்க முடியாதென்று சொன்னேனே. தான் திருத்திய மென்பொருளைப் புத்தூர் மண்டபத்துக்கும் தெல்லிப்பழையில் இரண்டு மண்டபங்களுக்கும் தருவதாய் வாக்குக் கொடுத்திருந்தாள். செவ்வாய்க்கிழமை ஸ்கூட்டரில் ஏறி, பாடிப் பாடிப் போய், மூன்று இடத்திலும் ஏற்றிக் கொடுத்தாள். எப்படி அழுத்துவதென்றும் சொல்லிக் கொடுத்தாள். அவர்கள் அழுத்தினார்கள். மென்பொருள் வஞ்சகம் தெரியாதது. அவளுக்குச் சொன்னதையே எல்லாருக்கும் சொன்னது: ஆனியில் ஒரு புதன்கிழமை.

வியாழன் பின்னேரம் தியாகராசாவின் வீட்டுப் படலை வாசலில் வான் வண்டிகள் வந்து நின்றன. இரண்டு பஞ்சாங்கத்துக்குள்ளும் அகப்பட்டு வருடக்கணக்காய் நாள் கிடைக்காமல் கிடந்த குடும்பங்கள், மேளம் பேச வெற்றிலைத் தட்டோடு. லவீனா கேள்விப்பட்டு ஓடி வந்தபோது எல்லாம் முடிந்துவிட்டது. தியாகராசாவின் கூட்டமும் போயிற்று, அவர் தம்பிமாரின் கூட்டங்களும் போயின.

“மாமா, உங்களுக்கு அந்த நாள் தெரியுமெல்லே!”

“தெரியும் பிள்ளை.” அவர் முகத்தைப் பார்க்க அவளுக்கே பாவமாய் இருந்தது. “வெத்திலையோடை படலைக்கு வந்திட்டினம். எங்கடை நாள் இன்னும் எழுதேல்லை. எழுதாத நாளுக்காக ஒரு கலியாண வீட்டை நான் எப்பிடித் திருப்பிறது? ஒரு நாளும் திருப்பினதில்லை.”

குகதாசன் வாய் தவறி, பதிவு செய்த மேளத்தை ஒலிபெருக்கியில் போட்டுச் சமாளிக்கலாம் என்றான். தகப்பன் பார்த்த பார்வையில் எழும்பிப் போய்க் கிணற்றடியில் நின்றான்.

குணலட்சுமி அம்மாவுக்கு இதைவிட நல்ல தருணம் வருமா? “கண்டியே பிள்ளை, சும்மா வந்த சாமான் உன்ரை நாளையும் சும்மா தூக்கிக் குடுத்திட்டுது. கொழும்புச் சாமானெண்டால் ஒருத்தருக்கும் குடுத்திருக்கேலாது. நாள் எங்களோடை கிடந்திருக்கும்.”

அது சரியான பேச்சு. லவீனா அழுதாள், நன்றாய்ச் சத்தம் போட்டே அழுதாள். “புத்தூர்ப் பெட்டைக்கு மூண்டு வருசமாய் நாள் கிடைக்கேல்லையாம் அன்ரி,” என்று அழுகைக்கு நடுவில் சொன்னாள். “இப்ப கிடைச்சிருக்கு. நான் குடுத்ததைப் பிழையெண்டு சொல்லமாட்டன். ஆனால் எனக்கும் ஒண்டு வேணுமே!”

அடுத்த நாள் வெற்றிலை மாற்றவில்லை. அவள் மண்டபத்தில் தனியே இருந்து, மூக்கை உறிஞ்சிக்கொண்டு, மென்பொருளைத் திறந்தாள். கோபத்தில் பஞ்சாங்கம் இரண்டையும் கழற்றிவிட்டாள். கம்பனிச் சாமான் அந்தப் பச்சையைத் தொடவே விடாது; இதில் எதை வேண்டுமானாலும் கழற்றலாம், கேள்வி இல்லை. ஒன்றை மட்டும் விட்டாள்: எல்லா வித்துவான்மாரும் சும்மா இருக்கும் நாள். அழுத்தினாள்.

அது யோசிக்கவே இல்லை. மார்கழி முழுவதையும் தூக்கி முன்னால் போட்டது.

மார்கழி! எந்தச் சைவ வீட்டிலும் கலியாணம் பேசாத மாதம். விடியற்புறத் திருவெம்பாவை முடிந்தால் தவில்காரருக்குப் பகல் முழுக்க நித்திரை. நத்தார், அதாவது கிறிஸ்து பிறந்த நாள், முடிந்த கிழமையில் விரல் நிற்க, லவீனா வாயைத் திறந்தபடி இருந்தாள். அவளுடைய அம்மாவும் அப்பாவும் அந்தக் கிழமையில்தான் கட்டினார்கள். சித்திமார் எல்லாரும் அந்தக் கிழமை. வெளிநாட்டு உறவெல்லாம் நத்தாருக்கு வந்து நிற்க, தெல்லிப்பழை மிஷன் ஆட்கள் கலியாணம் கட்டுகிற காலமே அதுதான். பிறந்ததில் இருந்து தெரிந்த விசயம் இது; பஞ்சாங்கத்துக்குள் தலையைக் கொடுத்து அவளும் மறந்துபோனாள். சிரிப்பு வந்தது. மடிக்கணினியை முன்னால் வைத்துக்கொண்டு தியாகராசா வீட்டுக்கு ஸ்கூட்டரைக் கிளப்பினாள்.

“மார்கழியோ?” என்றார் குணலட்சுமி அம்மா. அவர் அப்போது தமையன் வீட்டில்தான் இருந்தார். “அண்ணை, கேட்டியளே? இரண்டு பஞ்சாங்கமும் ஒத்துக்கொண்ட ஒரே விசயம் அதுதான், மார்கழி கூடாதெண்டு!”

தியாகராசா தங்கையைக் கவனிக்கவில்லை. “அண்டைக்கு ஆர் ஆர் சும்மா இருக்கினம் பிள்ளை?”

லவீனா திரையைப் பார்த்து வாசித்தாள். அளவெட்டி வித்துவான்மார் பெயர்கள் முழுக்க வந்தன. பெயர் பெயராய்க் கேட்கக் கேட்க அவர் நிமிர்ந்து இருந்தார். ஒரே மேடையில் ஒருபோதும் சேராதவர்கள். சேர்ப்பதற்கு எவருக்கும் வசதியுமில்லை, நாளுமில்லை.

“நான் ஊதாத கலியாணமில்லை பிள்ளை,” என்றார். “ஒரு கலியாணத்திலையும் தாலி கட்டினதைக் கண்டதில்லை. ஐயர் கையை உயர்த்தினால் கண்ணை மூடிக்கொண்டு ஊதிறது. கண்ணைத் திறக்கேக்கை எல்லாம் முடிஞ்சிருக்கும். என்ரை கலியாணம் அருமையான நாள். அருமையான நாளெண்டபடியால் வாசிக்க ஆளில்லை. ஒரு தவில்தான் வந்தது, அதுவும் பிந்தி. நானே ஊதுவமோ எண்டு யோசிச்சனான்.”

“அண்ணை…”

“பொறு குணம். மார்கழி கெட்ட மாதமெண்டு ஆர் சொன்னது? கடவுளுக்கெண்டு ஒதுக்கி வைச்ச மாதம். போதகர் கடவுளைக் கூப்பிட்டுத்தானே கட்டி வைக்கப் போறார்? பிள்ளை, எழுதும். இப்பவே எழுதும். வெத்திலை பிறகு மாத்தலாம்.”

குணலட்சுமி அம்மா இரண்டு நாள் மண்டபப் பக்கமே வரவில்லை. மூன்றாம் நாள் லவீனாவின் மேசைக்கு வந்து நின்றார். “கிறிஸ்தவ ஆக்கள் எல்லாரும் அந்தக் கிழமைதானோ கட்டுறவை?”

“ஓம் அன்ரி.”

“மார்கழி முழுக்க எங்கடை மண்டபம் பூட்டித்தானே கிடக்குது.” திரையைத் தன் பக்கம் திருப்பினார். “உந்த ரை கட்டினவங்கள் ஏன் இதை ஒரு நாளும் எனக்குச் சொல்லேல்லை?” அந்த வருடம் கொழும்புக் கம்பனிக்குக் கட்டணம் போகவில்லை. சும்மா சாமான் பிழைத்தால் யாரைப் பிடிப்பது என்ற கேள்விக்கும் அவரே விடை கண்டுபிடித்தார். மருமகளாய் வரப்போகிறவளைப் பிடிப்பது.

நத்தார் முடிந்து நாலாம் நாள், மார்கழிப் பனி விலக முன்னரே மண்டபத்து வாசலில் வித்துவான்மார் வந்து இறங்கினார்கள். நாலு கூட்டம் கேட்டாள். எத்தனை கூட்டம் என்று எவரும் எண்ணவில்லை. கலியாண வீட்டுக்கு விருந்தாளியாய் வந்து அவர்களுக்குப் பழக்கமில்லை; முன்பந்தியில் இருத்தினால் எழும்பி எழும்பிப் பின்னுக்குப் போனார்கள். போதகர் செபத்தைச் சுருக்கினார்; தவில்காரர் விரல்கள் துடித்துக்கொண்டிருந்ததை அவரும் கண்டார். குகதாசனின் கண் மணப்பெண்ணிலும் இல்லை, தாலியிலும் இல்லை. ஓரமாய்க் கிடந்த ஒரு நாதஸ்வரத்தில் இருந்தது. லவீனா அவன் வேட்டித் தலைப்பைக் கையில் சுற்றிப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

தியாகராசா முன்வரிசையில் நடுக்கதிரையில் வெறுங்கையோடு இருந்தார். கையை எங்கே வைப்பதென்று அவருக்குத் தெரியவில்லை. போதகர் தலையசைத்தார். குகதாசன் தாலியை எடுத்தான். கெட்டிமேளம் எழும்பியது, அத்தனை தவிலும் அத்தனை நாதஸ்வரமும் ஒன்றாய். கூரைத் தகடு அதிர்ந்தது. குணலட்சுமி அம்மா இரண்டு பஞ்சாங்கத்தையும் மறந்து அழுதார். தியாகராசா கண்ணை மூடவில்லை. மகன் முடிச்சுப் போடும்வரை, போட்டு முடிந்த பிறகும், கண்ணீர் வடிய வடியத் திறந்தே வைத்திருந்தார்.

மேளம் ஓய்ந்ததும் மருமகளைக் கைகாட்டிக் கூப்பிட்டார். அவள் மணவறையில் இருந்து குனிந்தாள்.

“பிள்ளை, இஞ்சை கீழை இருந்தால் மேளம் இப்பிடியோ கேக்கிறது?” என்று கேட்டார். “ஒருத்தரும் எனக்குச் சொல்லேல்லையே. இன்னொருக்கால் வாசிக்கச் சொல்லும்.”